அடைக்கோழி உட்கார்ந்துவிட்டதா? முதல் முறை குஞ்சு பொரிக்க வைப்பவர்களுக்கு

"முட்டையிடும் கூடையை விட்டு ரெண்டு நாளாகக் கோழி எழுந்திருக்கவே இல்லை. கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா?" புதிதாக நாட்டுக்கோழி வாங்கி வளர்ப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். ஒன்றும் ஆகவில்லை. கோழி அடைக்கு வந்திருக்கிறது. எங்கள் சிவகங்கைப் பக்கம் "அவயத்துக்கு உட்கார்ந்திருக்கு" என்பார்கள்.

அடைக்கு வந்த கோழியை வைத்துக் குஞ்சு பொரிப்பதில் உங்களுக்கு இருக்கும் வேலையெல்லாம் முட்டை வைப்பதற்கு முன்பும், குஞ்சு வெளியே வந்த பிறகும்தான். நடுவில் இருக்கும் 21 நாளும் கோழியின் வேலை. முதல் முறை வைப்பவர்களுக்குக் கை சும்மா இருக்காது. அந்தக் கைதான் நிறைய முட்டைகளைக் கெடுக்கிறது. என் கையும் ஒரு குஞ்சைக் கெடுத்திருக்கிறது, அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

உண்மையிலேயே அடைக்கு வந்துவிட்டதா

முட்டையிட வந்த கோழி அரை மணி, ஒரு மணி நேரம் கூடையில் இருந்துவிட்டுக் கத்திக்கொண்டே இறங்கிவிடும். அடைக்கு வந்தது இறங்காது. இரவிலும் மற்ற கோழிகளோடு அடையாமல் கூடையிலேயே இருக்கும். கையை நீட்டினால் இறகை எல்லாம் விரித்துப் பெரிதாகிக்கொண்டு "கொர்ர்" என்று ஒரு குரல் கொடுக்கும். கீழே இறக்கி விட்டால் "கொக், கொக்" என்று விட்டு விட்டுக் கத்திக்கொண்டே போய் நாலு வாய் தின்றுவிட்டு மறுபடியும் கூடைக்கே ஓடும். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் இறகு உதிர்ந்து வெறும் தோல் சூடாகத் தெரியும். முட்டைக்கு உடம்புச் சூடு நேராகப் பட வேண்டும் என்பதற்காகவே அந்த இடம் அப்படி ஆகிறது.

புரோலாக்டின் என்ற ஹார்மோன் உடம்பில் ஏறுவதால் வருகிற மாற்றம் இது. முட்டையிடுவது நின்றுவிடும். கூடையில் முட்டையே இல்லாவிட்டாலும் வெறும் வைக்கோல் மேல் உட்கார்ந்திருக்கும்.

இந்த மூன்று அடையாளமும், அதாவது இரவு தங்குவது, சிலிர்ப்பது, இறக்கினாலும் திரும்புவது, ரெண்டு நாள் தொடர்ந்து இருந்தால் நம்பி முட்டை வைக்கலாம். முதல் நாளே அவசரப்பட்டு நல்ல முட்டைகளை வைக்காதீர்கள். சில இளம் பெட்டைகள் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு மனம் மாறிவிடும்.

நாட்டுக்கோழியில் சின்ன உடம்புள்ள சிறுவிடைக் கோழிகள் அடைக்குப் பெயர் போனவை. உடம்பு லேசு என்பதால் முட்டையை மிதித்து உடைப்பதும் குறைவு. பெருவிடையும் நன்றாக அடைகாக்கும், ஆனால் கனம் அதிகம். பண்ணைகளில் முட்டைக்காக வளர்க்கும் வெள்ளை லெகார்ன் கோழிகளில் இந்தக் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள், அது உட்காரும் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்போது குஞ்சு வேண்டாம் என்றால், வைக்கோல் எதுவும் போடாமல் நல்ல வெளிச்சமும் காற்றும் வரும் இடத்தில் பஞ்சாரத்தில் (கோழியைக் கவிழ்த்து மூடும் பெரிய மூங்கில் கூடை) கவிழ்த்துத் தண்ணீரும் தீனியும் வையுங்கள். மூன்று நாலு நாளில் பெரும்பாலும் அடை தெளிந்துவிடும். தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைச் செருகுவது எல்லாம் பாவம். தேவையும் இல்லை.

எந்த முட்டையை வைப்பது

கடையில் வாங்கும் வெள்ளை முட்டை பொரிக்காது. நாமக்கல் பக்கம் பண்ணைகளிலிருந்து வரும் முட்டைகள் சேவலே இல்லாத கூண்டுக் கோழிகள் இட்டவை. அதில் கரு இருக்காது. ஃப்ரிட்ஜில் வைத்த நாட்டுக்கோழி முட்டையையும் அடைக்கு வைக்க வேண்டாம்.

சேவலோடு திரியும் கோழியின் முட்டை வேண்டும். எட்டு, பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். உங்கள் வீட்டில் சேவல் இல்லாவிட்டால் சேவல் இருக்கும் வீட்டில் முட்டை வாங்கி வைக்கலாம். யார் இட்ட முட்டை என்று கோழி பார்ப்பதில்லை. வாத்து முட்டை வைத்தாலும் காக்கும், ஆனால் அதற்கு 28 நாள் ஆகும், முதல் முறையே அந்தச் சோதனை வேண்டாம்.

முட்டையின் வயது முக்கியம். இட்டு ஏழு நாளுக்குள் இருந்தால் நல்லது. பத்து நாளைத் தாண்டினால் பொரிப்பது குறைந்துகொண்டே போகும். சித்திரை, வைகாசி வெயிலில் நான்கைந்து நாள் முட்டையாகப் பார்த்து எடுங்கள். வெயில் காலத்தில் வீட்டுச் சூட்டிலேயே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து, பாதியில் நின்று செத்துப்போகும். நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, பத்துப் பதினைந்து முட்டை இடும், அதுவும் தினமும் இடாது. கடைசி முட்டை விழும்போது முதல் முட்டைக்கு ரெண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதனால் முதலில் இட்டதைச் சாப்பிட எடுத்துக்கொண்டு, பிந்தி இட்டதை அடைக்குச் சேர்த்து வையுங்கள்.

சேர்த்து வைக்க என் அப்பத்தா செய்தது இன்றைக்கும் எனக்குச் சரியாகவே இருக்கிறது. வாய் அகன்ற மண்சட்டியில் ஈர மணல். அதன் மேல் சின்னச் சட்டி ஒன்று. அதற்குள் உமி போட்டு முட்டைகளைக் கூர் முனை கீழே இருக்கும்படி செருகி வைத்து, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்துவிட வேண்டும். அகன்ற முனையில்தான் காற்றறை இருக்கிறது. அது மேலே இருக்க வேண்டும்.

ரொம்பப் பெரியது, ரொம்பச் சிறியது, கோணலானது, ஓட்டில் விரிசல் விட்டது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். ரெண்டு முட்டைகளை விரலில் பிடித்து லேசாகத் தட்டினால் விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் கொடுக்கும். முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது, அதுதான் கிருமி உள்ளே போகாமல் காக்கிறது. எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். ரொம்ப அழுக்கானதை வைக்கவே வேண்டாம்.

எத்தனை முட்டை? சிறுவிடைக்குப் பத்து, அதிகம் போனால் பன்னிரண்டு. பெருவிடைக்குப் பதினைந்து வரை. ஊரில் ஒற்றைப்படையாக வைப்பார்கள். எண்ணிக்கை ஒற்றையோ இரட்டையோ, எல்லா முட்டையும் இறகுக்குள் மறைய வேண்டும், அதுதான் கணக்கு. ஒன்று வெளியே தெரிந்தால் கெடுவது அது மட்டும் இல்லை. கோழி முட்டைகளை நாளெல்லாம் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு ஓரத்தில் குளிர்ந்தது நாளைக்கு நடுவுக்குப் போகும், நடுவில் இருந்த நல்லது ஓரத்துக்கு வரும். இப்படி ஒவ்வொன்றாகக் கெடும்.

கூடையும் இடமும்

பழைய மூங்கில் கூடையோ அகலமான மண்சட்டியோ போதும். அட்டைப் பெட்டி என்றால் கோழி ஏறி இறங்க வசதியாக ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிவிடுங்கள். அடியில் ரெண்டு விரல் உயரத்துக்கு மணல், அதன் மேல் நன்றாகக் காய்ந்த வைக்கோல். நடுவில் கையை அழுத்திச் சின்னக் குழி போல ஆக்குங்கள், முட்டைகள் உருண்டு ஓரத்துக்குப் போகாது. குழி ரொம்ப ஆழமாக இருந்தால் முட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உடையும். வெயில் காலத்தில் மணலை லேசாக ஈரப்படுத்தி வைப்பது நல்ல பழக்கம், முட்டைக்குள் இருக்கும் ஈரம் சீக்கிரம் வற்றாமல் இருக்கும்.

இடம் கொஞ்சம் இருட்டாக, ஆள் நடமாட்டம் குறைவாக, மழைச் சாரலும் மதிய வெயிலும் படாததாக இருக்கட்டும். தகரக் கூரைக்கு நேர் கீழே வைக்காதீர்கள். மற்ற கோழிகள் வந்து அதே கூடையில் முட்டையிட முடியாதபடி தனியாக இருக்க வேண்டும். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பத்து வைத்த கூடையில் பத்து நாள் கழித்துப் பதினாலு இருக்கும். பின்னால் சேர்ந்த நாலும் பாதி வளர்ந்து நிற்கும்போது தாய் மற்ற குஞ்சுகளோடு இறங்கிப் போய்விடும். அதனால் வைக்கும் முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம், மை ஓட்டுக்குள் இறங்கும். குறி இல்லாத முட்டை தென்பட்டால் அன்றைக்கே எடுத்துச் சமைத்துவிடலாம்.

எறும்பு இன்னொரு எதிரி. பொரிக்கும் நேரத்தில் ஓட்டில் விழும் ஓட்டை வழியாக உள்ளே போய்க் குஞ்சைக் கடித்தே கொன்றுவிடும். கூடையை ஒரு பலகை மேல் வைத்து, பலகையைத் தாங்கும் நாலு கல்லையும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சிகளுக்குள் வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

கூடையில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, நாலு காய்ந்த மிளகாய் போடச் சொல்வார்கள், இடி இடித்தால் முட்டை கெடக் கூடாது என்று. கரு இடியால் சாகிறது என்று நான் நம்பவில்லை. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் போட்டால் எடுத்து எறியவும் மாட்டேன். முட்டையில் படாமல் ஓரத்தில் இருந்தால் அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

செள்ளை முதலில் ஒழியுங்கள்

நன்றாக உட்கார்ந்திருந்த கோழி பத்தாம் நாள் திடீரென்று முட்டையை விட்டுப் போய்விட்டது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கூடையில் செள்ளு இருந்ததா என்றுதான். இரவில் டார்ச் அடித்துக் கோழியின் கழுத்தடி, இறக்கையடி, கூடையின் இடுக்கு எல்லாம் பாருங்கள். மிளகுத்தூள் போலச் சின்னச் சின்னதாக ஊர்ந்தால் அதுதான். நாளெல்லாம் நகராமல் உட்கார்ந்திருக்கும் கோழியின் ரத்தத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தாங்க முடியாமல்தான் கோழி எழுந்து போகிறது. பழி கோழி மேல் விழுகிறது.

அடை வைப்பதற்கு முன்பே பழைய வைக்கோலை எரித்துவிட்டு, கூடையைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் ஒரு நாள் காய வையுங்கள். கோழி புரள்வதற்கு அடுப்புச் சாம்பலும் மண்ணும் கலந்து ஒரு குழியில் போட்டு வையுங்கள். வைக்கோலுக்கு அடியில் வேப்பிலையோ நொச்சி இலையோ போடுவது ஊர்ப் பழக்கம், நானும் போடுகிறேன். வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்துப் பொடியை மட்டும் கூடையில் தூவிவிடாதீர்கள், அது கருவையும் கொல்லும், குஞ்சையும் கொல்லும்.

உட்கார வைக்கும் இரவு

கோழி வழக்கமாக முட்டையிடும் இடம் சரியில்லை என்றால் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடிவிடும். நன்றாக இருட்டிய பிறகு, விளக்குப் போடாமல், மெதுவாகத் தூக்கிப் புதுக் கூடையில் வையுங்கள். முதலில் ஒன்றிரண்டு வேண்டாத முட்டையை மட்டும் அடியில் வைத்து, மேலே பஞ்சாரத்தைக் கவிழ்த்து விடுங்கள். மறுநாள் முழுதும் அமைதியாக உட்கார்ந்திருந்தால் அன்று இரவு நல்ல முட்டைகளை ஒவ்வொன்றாக மார்புக்கு அடியில் செருகுங்கள். அதுவே அலகால் தள்ளி உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் முறை அதைப் பார்க்கும்போது உங்கள் பயம் பாதி போய்விடும்.

எல்லா முட்டையையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். இன்றைக்கு ஐந்து, நாளைக்கு ஐந்து என்று வைக்கக் கூடாது.

வைத்த நாளைச் சுவர்க் காலண்டரில் எழுதுங்கள். கோழி முட்டைக்கு 21 நாள் என்பதால் கணக்கு எளிது. வெள்ளிக்கிழமை இரவு வைத்தால் மூன்றாம் வாரம் அதே வெள்ளிக்கிழமை. நாட்டுக்கோழியின் சின்ன முட்டைகள் சில நேரம் ஒரு நாள் முந்தியே வரும்.

மூன்று வாரம் என்ன செய்வது

தினமும் ஒரு முறை கோழி இறங்கும். தின்னும், குடிக்கும், ஒரு பெரிய எச்சம் போடும், மண்ணில் புரளும், திரும்பிவிடும். பதினைந்து நிமிடம், இருபது நிமிடம், அவ்வளவுதான். அந்த எச்சம் பார்க்கவும் மோந்தால் தாங்கவும் முடியாதபடி இருக்கும். நாளெல்லாம் அடக்கி வைத்திருந்து ஒரே தடவையில் போடுவதால் அப்படி, நோய் இல்லை.

தண்ணீரையும் தீனியையும் கூடைக்கு ரெண்டு அடி தள்ளி வையுங்கள். கூடைக்குள்ளேயே வைத்தால் எழுந்திருக்காமல் அங்கேயே எச்சம் போட்டு முட்டையெல்லாம் நாறிவிடும். கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம் என்று காய்ந்த தானியமே இப்போது நல்லது. எச்சம் இறுகலாக இருக்கும். உடம்பு இளைப்பதும் கொண்டை வெளுப்பதும் இயல்பு.

சில கோழிகள் ரொம்ப அக்கறையாக இருந்து ரெண்டு நாளானாலும் இறங்காது. அப்படிப்பட்டதை நீங்கள்தான் தூக்கி இறக்கி விட வேண்டும். தூக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரெண்டு கையையும் இறக்கைக்கு அடியில் கொடுத்து, முதலில் ஒரு விரல்கடை மட்டும் உயர்த்துங்கள். இறக்கை இடுக்கிலும் காலிடுக்கிலும் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். நேராகத் தூக்கினால் அது விழுந்து மற்றதையும் உடைத்துவிடும்.

"கோழி ஒரு மணி நேரமாக வரவில்லை, முட்டை சில்லென்று ஆகிவிட்டது, எல்லாம் போய்விட்டதா?" போகவில்லை. நம் ஊர்ச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கெல்லாம் கரு செத்துவிடாது, சில மணி நேரம் கூடத் தாங்கியதைப் பார்த்திருக்கிறேன். பொரிக்க ஒரு நாள் பிந்தலாம். கோழியைத் தேடிப் பிடித்துக் கூடைக்கு விடுங்கள். பெரும்பாலும் வேறு கோழி கூடையில் ஏறி உட்கார்ந்திருக்கும், அல்லது இது தவறிப் போய்ப் பக்கத்துக் கூடையில் உட்கார்ந்திருக்கும்.

முட்டை ஒன்று உடைந்துவிட்டால் அந்த வைக்கோலை உடனே மாற்றுங்கள். மற்ற முட்டைகளில் ஒட்டியதை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிடுங்கள். முட்டையை நனைக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

வெளிச்சம் பிடித்துப் பார்ப்பது

ஏழாம் நாள் இரவு ஒரு முறை, பதினாலாம் நாள் இரவு ஒரு முறை. இதற்கு மேல் வேண்டாம். இருட்டறையில் போனின் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் ஒட்டிப் பிடியுங்கள். ஏழாம் நாளில் நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு வளர்கிறது. உற்றுப் பார்த்தால் புள்ளி அசைவதும் தெரியும். முட்டை முழுதும் ஒரே மாதிரி வெளிச்சமாக இருந்தால் கரு கூடவில்லை. நரம்பு இல்லாமல் ஒரு ரத்த வளையம் மட்டும் இருந்தால் கரு உண்டாகி நின்றுபோனது. பதினாலாம் நாளில் உயிருள்ள முட்டையில் காற்றறையைத் தவிர மற்றது எல்லாம் இருட்டாக இருக்கும்.

கெட்டதை எடுத்துவிட வேண்டும். கூமுட்டை உள்ளே அழுகி வாயு சேர்ந்து கூடைக்குள் வெடித்தால் நல்ல முட்டைகளும் அதோடு போகும். சந்தேகமாக இருப்பதை மட்டும் எடுக்காதீர்கள். கேள்விக்குறி போட்டுத் திரும்ப வைத்து, அடுத்த வாரம் பாருங்கள். முதல் முறை பார்ப்பவர்கள் நல்ல முட்டையைத் தவறாக ஒதுக்குவது ரொம்பவே நடக்கிறது.

முட்டையைத் தண்ணீரில் போட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அது பிடிக்காது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும்.

18ஆம் நாளிலிருந்து கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடாதீர்கள். குஞ்சு உள்ளே திரும்பி, தலையைக் காற்றறைப் பக்கம் கொண்டுபோய் நிற்கும் நேரம் அது. கோழி இந்த நாட்களில் அநேகமாக இறங்காது. தண்ணீரை மட்டும் எட்டும் தூரத்துக்கு நகர்த்தி வையுங்கள்.

இருபதாம் நாள் வாக்கில் முட்டைக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்கும். தாயும் மெல்லிய குரலில் பதில் சொல்லும். காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள், தொட வேண்டாம். குஞ்சு அலகின் நுனியில் இருக்கும் சின்ன வெள்ளைப் பல்லால் ஓட்டைக் குத்தி ஒரு ஓட்டை போடும். அதன் பிறகு மணிக்கணக்காக ஒன்றுமே நடக்காது. எல்லோரும் பதறுவது இந்த இடத்தில்தான்.

நானும் பதறினேன். என் முதல் அடையில் காலையில் ஓட்டை விட்ட ஒரு முட்டை மதியம் வரை அப்படியே இருந்தது. குஞ்சு மூச்சு முட்டிச் சாகிறது என்று நினைத்துக்கொண்டு நகத்தால் ஓட்டைப் பெயர்த்தேன். ரெண்டாவது சில்லு எடுக்கும்போது சவ்வு கிழிந்து ரத்தம் வந்தது. வயிற்றுக்குள் போக வேண்டிய மஞ்சள் கருவும் முழுதாகப் போகவில்லை. சாயங்காலம் குஞ்சு செத்துவிட்டது. மற்ற முட்டைகளை நான் தொடவில்லை, மறுநாள் காலையில் எட்டுக் குஞ்சு இருந்தன.

ஓட்டை விட்ட பிறகு குஞ்சு ஓய்வெடுப்பதாகத்தான் நமக்குத் தெரியும். உள்ளே அந்த நேரத்தில் நுரையீரல் மூச்சுக்குப் பழகுகிறது, சவ்வில் ஓடும் ரத்தம் உடம்புக்குள் திரும்புகிறது, மீதி மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இதற்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம், இருபத்து நாலும் ஆகலாம். எல்லாம் முடிந்த பிறகுதான் அது சுற்றி வந்து ஓட்டை வட்டமாக வெட்டி, மூடியைத் திறந்தது போல வெளியே வரும். முழுதாக ஒரு நாள் தாண்டியும் நகராமல், சவ்வு காய்ந்து பழுப்பாகக் குஞ்சின் மேல் ஒட்டியிருந்தால் மட்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கிவிட்டுக் கோழிக்கு அடியிலேயே வையுங்கள். ரத்தம் ஒரு துளி தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

இருபத்தொன்று முடிந்தும் சில முட்டை மீதி இருந்தால் இன்னும் ரெண்டு நாள் விடுங்கள். அதற்கு முன்பே தாய் முதல் குஞ்சுகளோடு இறங்கப் பார்க்கும். ஓட்டை விட்ட முட்டை இன்னும் இருந்தால் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதைக் கூடையோடு இருத்தி வையுங்கள். காலியான ஓடுகளை அப்போதைக்கப்போது எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பொரிக்காத முட்டை மேல் தொப்பி போலக் கவிழ்ந்து உள்ளே இருக்கும் குஞ்சை அடைத்துவிடும்.

குஞ்சு வந்த பிறகு

முதல் நாள் தீனி எதுவும் வேண்டாம். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு ரெண்டு மூன்று நாள் வரை தாங்கும். முந்திப் பொரித்த குஞ்சுகள் பட்டினியில்லாமல் தாய்க்கு அடியில் காத்திருக்க முடிவது அதனால்தான்.

முதலில் தண்ணீர். விரல் நுனி மூழ்கும் ஆழத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி இடுக்கில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கிண்ணத் தண்ணீரில் விழுந்து மூழ்கிச் செத்த குஞ்சுகள் பருந்து தூக்கியதற்குக் குறைவில்லை. பிறகு தீனி. கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனம், அதாவது ஸ்டார்ட்டர், முதல் நாலைந்து வாரத்துக்கு நல்லது, நூற்றுக்கு இருபது பங்கு புரதம் இருக்கும். வெறும் அரிசிக் குருணையில் குஞ்சு உயிரோடு இருக்கும், வளராது. உடைத்த கம்பு, கேழ்வரகு சேர்க்கலாம். ஒரு வாரம் ஆன பிறகு கரையான் கொடுத்துப் பாருங்கள். பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு எல்லாம் போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடிகாலையில் பானை நிறைய இருக்கும். தாய் ஒவ்வொன்றாகக் கொத்திக் கீழே போட்டு "கொக் கொக்" என்று கூப்பிட்டுக் குஞ்சுக்குக் காட்டும்.

பத்துப் பதினைந்து நாள் வரை தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்துக்குள் வைப்பதுதான் பாதுகாப்பு. காக்கையும் பருந்தும் கீரியும் பகலில், பூனை, பெருச்சாளி, பாம்பு இரவில். இரவுக்குக் கதவுள்ள கூண்டு வேண்டும், அதன் கம்பி வலை சுண்டு விரல் நுழையாத அளவுக்கு நெருக்கமாக இருக்கட்டும். தரை எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். ஈரத் தரையில் இருந்தால், மூன்று வார வயதுக்கு மேல் ரத்தக் கழிச்சல் வரும். எச்சத்தில் சிவப்பாகத் தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள், இதற்கு மருந்து உண்டு.

ஏதோ காரணத்தால் தாய் குஞ்சுகளைச் சேர்க்கவில்லை என்றால் ஒரு அட்டைப் பெட்டியில் அறுபது வாட் குண்டு பல்பைத் தொங்க விடுங்கள். குஞ்சுகள் பல்புக்கு அடியில் நெருக்கியடித்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு விட்டால் சூடு. பரவலாகப் படுத்திருந்தால் சரி.

தடுப்பு மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள்

வெள்ளைக் கழிச்சல் வந்தால் மருந்து கிடையாது. ஒரு வாரத்தில் கூண்டே காலியாகிவிடும். ராணிக்கெட் நோய் என்று சொல்வதும் இதுதான். ஏழாம் நாள் எஃப்1 அல்லது லசோட்டா தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரத்தில் மறுபடி லசோட்டா. எட்டாவது வாரம் ஆர்2பி ஊசி, இறக்கைக்கு அடியில். அம்மைத் தடுப்பூசியையும் எப்போது போடுவது என்று அப்போதே கேட்டு வையுங்கள்.

மருந்துக் குப்பி ஐம்பது, நூறு கோழிக்கு என்றுதான் வரும். பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கலக்கிய பிறகு ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் அக்கம்பக்கத்தில் நாலு வீட்டைச் சேர்த்துக்கொண்டால் குப்பியும் வீணாகாது, பக்கத்து வீட்டிலிருந்து நோய் வருவதும் குறையும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் பெரும்பாலும் பிப்ரவரியில் ஊர் ஊராக இலவசமாக நடக்கும்.

குஞ்சைப் பிடித்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகளையும் கழுவச் சொல்லுங்கள்.

தாய் கொத்தினால்

ரெண்டு மாதம் வாக்கில் ஒரு நாள் தாய் தன் குஞ்சுகளையே கொத்தி விரட்டும். நேற்று வரை இறக்கைக்குள் வைத்திருந்ததை இன்றைக்கு ஏன் துரத்துகிறது என்று மனசு கஷ்டப்படும். நடுவில் போய்ப் பிரிக்க வேண்டாம். குஞ்சுகள் தாமாகத் தின்னவும் அடையவும் பழகிவிட்டன என்பதற்கு அடையாளம் அது. ரெண்டு நாளில் குஞ்சுகள் தனியாகச் சேர்ந்து திரிய ஆரம்பித்துவிடும். தாயின் கொண்டை மறுபடி சிவந்துவரும், சேவல் பின்னால் சுற்றும். இரவில் குஞ்சுகள் பழைய கூண்டுப் பக்கமே வந்து நிற்கும், அவற்றை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள். தாய் அன்றைக்கு மற்ற கோழிகளோடு மேலே ஏறி அடைந்திருக்கும். அதன் கூடையைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு, உமிச் சட்டியையும் ஈர மணலையும் தயார் செய்து வையுங்கள்.